எதிர்மரை

என் அக்காவுக்கு ஒரு சக்களத்தி உண்டு. நீளம் பதினேழரை அடி, எடை இரண்டு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு, பிறந்த வருஷம் ஐம்பத்தேழு, பிறந்த நாடு அமெரிக்கா. பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் மீன் துடுப்புப் போல இரண்டு இறக்கைகள். பத்தொன்பது வருஷமாக எங்கள் பட்டறை மூலையில், நான்கு மரக்கட்டைகளின் மேல், சக்கரமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். சக்களத்தி என்று பெயர் வைத்தது அக்காதான். வாடிக்கையாளர் யாராவது, "இது யாரு வண்டிங்க?" என்று கேட்டால், "என் சக்களத்திங்க. அவருக்கு உசுரு இவ மேல. மிச்சம் மீதி இருந்தா எனக்கு" என்பாள். கேட்டவர் சிரிப்பதா வேண்டாமா என்று முழிப்பார். ஏதோ ஒரு வண்டிக்கு அடியிலிருந்து அத்தான் காலை மட்டும் ஆட்டுவார். சிரிக்கிறார் என்று அர்த்தம்.

பட்டறையில் நாங்கள் மூன்று பேர். அத்தான் பழைய அமெரிக்க வண்டிகளைப் பிரித்து, சரி பண்ணி, மறுபடி ஓட வைக்கிற மெக்கானிக். நான் அவற்றுக்குச் சீட்டு தைக்கிறவன். அக்கா பாகம் தேடுகிறவள். வெளியே அத்தானைப் பற்றித்தான் பேசுவார்கள். படம் எடுக்க வருகிறவர்கள் அவரைத்தான் என்ஜின் பக்கத்தில் நிறுத்தி எடுப்பார்கள். எனக்கு அதில் பொல்லாத கோபம். என்ஜினை இறக்கி ஏற்ற நாலு பேருக்குத் தெரியும், அத்தான் என்னை மன்னிக்கட்டும். அறுபது வருஷத்துக்கு முன்னால் செய்வதையே நிறுத்திவிட்ட ஒரு கதவுக் கைப்பிடியை, கடல் தாண்டி எந்தக் கொட்டகையிலோ கிடப்பதை, கண்டுபிடித்து வரவழைத்து மேசைமேல் வைக்கிறாளே ஒருத்தி, அவளை யார் படம் எடுத்தார்கள்? அதனால் நான் சொல்லப்போவது அவள் கதை.

கல்யாணத்துக்கு முன்னால் அக்கா ஒரு பொத்தான் கடையில் வேலை பார்த்தாள். நூல், லேஸ், ஊக்கு, பொத்தான். சுவர் முழுக்க சின்னச் சின்ன அட்டைப்பெட்டிகள், ஒவ்வொன்றின் முகப்பிலும் உள்ளே இருப்பதில் ஒன்று தைத்திருக்கும். ஒற்றைப் பொத்தானை எடுத்துக்கொண்டு வந்து, "இதுக்கு ஜோடி வேணும்" என்று நிற்பார்கள். அக்கா ஒருமுறை பார்ப்பாள், ஏணியை நகர்த்துவாள், மூன்றாம் வரிசையில் ஏழாவது பெட்டியை இழுப்பாள். அவ்வளவுதான். அது அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. படிப்பில் சுமார்தான், நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

ஒரு நாள் நகக்கண்ணெல்லாம் கிரீஸாக ஒருவர் வந்து, துணி போர்த்திய பொத்தான் ஒன்றை நீட்டினார். பழைய கார் சீட்டில் தைத்தது. "இதே மாதிரி நாப்பத்திமூணு வேணும்ங்க."

அக்கா அதைத் திருப்பிப் பார்த்தாள். "இது கார்ப் பொத்தானே இல்லீங்க. சோபாவோடது. நடுவுல யாரோ விழுந்துபோனதுக்குப் பதிலா வெச்சுத் தெச்சிருக்காங்க. உங்க சீட்டுல வேற ஒண்ணு இருக்கும், இதைவிடத் தட்டையா. அதை எடுத்துட்டு வாங்க."

வந்தவருக்கு அந்த இடத்திலேயே மரை கழன்றுவிட்டது. அடுத்த வாரம் தட்டைப் பொத்தானோடு வந்தார். அதற்கடுத்த வாரம் கண்ணாடி இறக்குகிற கைப்பிடியின் குமிழைக் கொண்டுவந்தார். "இது பொத்தான் கடைங்க" என்றாள் அக்கா. "கடைக்காக வரலீங்க, உங்க கண்ணுக்காக வர்றேன்" என்றார் அவர். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்து, குமிழைக் கல்லாவிலேயே விட்டுவிட்டு ஓடிப்போனார். நாலாவது வாரம் பாகம் எதுவும் கொண்டுவரவில்லை, தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். இருபத்தெட்டு வருஷம் ஆகிறது.

பட்டறைக்கு வந்த அக்கா முதல் வேலையாக எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு, முகப்பில் ஒன்றைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டாள். பாகங்களின் பெயர் அவளுக்கு வேண்டியதில்லை. நண்டுக்கால், பூனைக்காது, மொட்டைத்தலை என்று அவளே வைத்துக்கொண்டாள். வெளிநாட்டுக்கு எழுதும்போது பாகத்தைத் தாள்மேல் வைத்து பென்சிலால் சுற்றி வரைவாள், அளவு எழுதுவாள். அதற்கு முன்னால் பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில் நலம், நலமறிய ஆவல் என்று முழுசாக ஒரு பத்தி. "அவன் இரும்பு விக்கிறவன், அவன் நலம் உனக்கு எதுக்கு?" என்று நான் கிண்டல் பண்ணுவேன். என் மூக்கு உடைந்தது. கண்காணாத ஊரில் பழைய வண்டிகளுக்கு நடுவே குடியிருந்த ஒரு பெரியவர், தன் முழங்கால் வலியைப் பற்றி இரண்டு பக்கம் பதில் எழுதினார், கூடவே பாகமும் அனுப்பினார். அன்று முதல் அவர் எங்களுக்கு முழங்கால் பெரியவர். மற்ற பட்டறைக்காரர்களுக்கு இல்லை என்று சொன்னதெல்லாம் அக்காவுக்கு மட்டும் எப்படியோ இருந்தது.

இனிமேல் வருவதற்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். பழைய வண்டி வேலையில் பாதிச் சண்டை இடது, வலது என்பதில்தான் வரும். வண்டிக்கு எதிரே நிற்கிறவனுக்கு இடது எதுவோ அது உள்ளே உட்கார்ந்திருக்கிறவனுக்கு வலது. சரி, லாரிக்காரர்கள் மாதிரி டிரைவர் பக்கம், கிளீனர் பக்கம் என்று சொல்லிப் பார்த்தோம். அதுவும் உருப்படவில்லை. எங்கள் ஊர் வண்டிகளுக்கு ஸ்டீரிங் வலது பக்கம், அமெரிக்க வண்டிக்கு இடது பக்கம். டிரைவர் பக்கத்து விளக்கு என்று கேட்டால் கடைக்காரன் ஊர் வழக்கப்படி வலதை எடுத்து நீட்டுவான். கடைசியில் எங்களுக்கென்று ஒரு வழக்கம் பிறந்தது. ஸ்டீரிங் பிடிப்பது அத்தான், அதனால் இடது என்றால் அத்தான் பக்கம். அவருக்கு அந்தண்டை உட்காருவது அக்கா, அதனால் வலது என்றால் அக்கா பக்கம். பட்டறைக்குள் இதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

சக்களத்தி வந்தது ஒரு மூடிப்போன காகித ஆலையின் பின்கட்டிலிருந்து. பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அத்தான் அதை நகர்த்த மனசில்லாமல் குஞ்சு பொரிக்கும்வரை காத்திருந்து வண்டியை எடுத்துவந்தார். அக்கா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பெரிய மூச்சாக விட்டாள். அத்தான் சொன்னார்: "உன்னை இதுல உக்கார வெச்சு ஆத்துப் பாலம் வரைக்கும் கூட்டிட்டுப் போறேன். நீ ஒரு வேலையும் பாக்க வேண்டாம். மகாராணி மாதிரி வேடிக்கை பாத்துட்டு வா."

"மகாராணியா? முதல்ல கோழி எச்சத்தைக் கழுவுங்க" என்றாள் அக்கா. ஆனால் அன்று முழுக்க அவள் முகம் வேறு மாதிரி இருந்தது. பத்து வயசிலிருந்து ஏதாவது ஒரு வேலையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தவள். ஒரு வேலையும் பார்க்காமல் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம் என்று அவளிடம் யாரும் அதற்கு முன்னால் சொன்னதில்லை.

அன்றே நான் என் பங்குக்கு ஒரு காரியம் செய்தேன். அத்தான் பக்கத்து முன்சக்கரத்தைக் கழற்றப் போனேன். நட்டு அசையவில்லை. ஸ்பேனர் பிடியில் நீளக் குழாயைச் செருகி நெம்பினேன். பட்டென்று போல்ட் ஒடிந்தது. இன்னொன்றையும் ஒடித்தேன். அத்தான் ஓடிவந்து, "மரை கழண்டவனே!" என்று கத்தினார். இந்த வண்டியைச் செய்த கம்பெனிக்காரர்கள் அந்தக் காலத்தில் இடது பக்கச் சக்கரங்களுக்கு மட்டும் எதிர்மரை வைத்திருந்தார்கள். எல்லா நட்டும் எந்தப் பக்கம் திருப்பினால் கழலுமோ, அந்தப் பக்கம் திருப்பினால் இது இறுகும். இடது சக்கரம் உருளுகிற வாக்கில் சாதாரண மரை மெல்ல மெல்லத் தளர்ந்துவிடும் என்று அவர்களுக்குப் பயம். மற்ற கம்பெனிகள் அதற்கெல்லாம் கவலைப்படவில்லை, அவர்கள் வண்டியும் ஓடத்தான் செய்தது. பிற்பாடு இவர்களே அதைக் கைவிட்டார்கள். அத்தான் மட்டும் கைவிடவில்லை. எதிர்மரையை எடுத்துவிட்டுச் சாதாரண மரை போடச் சொன்ன ஒரு வாடிக்கையாளரை, "அப்போ வேற பட்டறை பாத்துக்குங்க" என்று வண்டியோடு திருப்பி அனுப்பியிருக்கிறார். அந்த விஷயத்தில் அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

வண்டியைப் பிரித்த அந்த வாரம், எது உடைந்தது, எது இல்லை என்று ஒரு நோட்டில் எழுதி வைத்ததும் நான்தான். மூன்று பேரில் என் கையெழுத்துதான் கோழி கிளறாத கையெழுத்து.

பிறகு வருஷங்கள் ஓடின. எப்போதும் ஊரார் வண்டிக்கே முதல் இடம். சக்களத்தியின் முறை வருவதற்குள் இன்னொரு வண்டி வந்து நிற்கும். போதாததற்கு, வாடிக்கையாளர் வண்டிக்கு ஏதாவது கிடைக்கவில்லையென்றால் அத்தான் இவளிடமிருந்து கழற்றிக் கொடுத்துவிடுவார். அதற்கு ஈடு தேடுவது அக்காவின் தலைவிதி. "தானம் அவரு பண்ணுவாரு, பிச்சை நான் எடுக்கணும்" என்று திட்டிக்கொண்டே தேடுவாள். பாலம் என்ற பேச்சையே அவள் எடுப்பதில்லை. ஒரே ஒரு தடவை, நான் முன்சீட்டு தைத்து முடித்த அன்று, வெறும் சீட்டைத் தரையில் வைத்து அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். "நல்லாத்தான்டா இருக்கு" என்றாள். நான் உள்ளே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தேன்.

போன வருஷம், வண்டி கிட்டத்தட்ட முடிந்தது. பாக்கி ஒன்றே ஒன்று. சக்கரத்தை மாட்டுகிற போல்ட்டுகள் முளைத்திருக்கும் முன்பக்கப் பிரேக் டிரம் இரண்டில் ஒன்றில் விரிசல். நல்லதைக் கடைந்து சமப்படுத்த லேத்துக்குக் கொடுத்திருந்தோம். விரிந்ததற்குப் பதில் வேண்டும். அக்கா பதினான்கு மாதமாக, எந்தப் பக்கத்தது என்றுகூடப் பார்க்காமல், முதலில் ஒன்று கண்ணில் படட்டும் என்று தேடிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் அத்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மாப்ள, நாளைக்குக் கண் ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை வர்றியா? அக்காகிட்ட சொல்லாத."

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பக்கப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது என்றார் டாக்டரம்மா. நேரே தெரியும். ஓரம் தெரியாது. அது குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் சுருங்கிக்கொண்டே வரும். சொட்டு மருந்து போட்டால் வேகம் குறையும், போனது போனதுதான். "வண்டி ஓட்டறீங்களா?" என்று கேட்டார். அத்தான் தலையை ஆட்டினார். "மூணு மாசம் கழிச்சு மறுபடி சோதிப்பேன். அதுவரைக்கும் பகல்ல, காலி ரோட்டுல, பக்கத்துல ஆள் வெச்சுக்கிட்டு, மெதுவா. அதுக்கப்புறம் அனேகமா வேண்டாம்னுதான் சொல்லுவேன். மனசைத் தயார் பண்ணிக்குங்க."

வெளியே வந்து அத்தான் பெஞ்சில் உட்கார்ந்தார். சொட்டு மருந்தில் கண்மணி விரிந்து, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்திருந்தார். "மூணு மாசம் போதும் மாப்ள. ஒரு டிரம்தான பாக்கி" என்றார். நான் எழுந்து அவர் முகத்தில் வெயில் படாமல் மறைத்து நின்றேன்.

அக்காவுக்குத் தெரியாது என்று இரண்டு ஆண்பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவளுக்கு ஆறு மாதம் முன்னாலேயே தெரியும். அவர் பக்கவாட்டில் வைத்த தேநீரை மூன்று தடவை தட்டிவிட்டார். மறுநாளிலிருந்து டம்ளரை அவருக்கு நேர் எதிரே வைக்க ஆரம்பித்துவிட்டாள். சாவிகள், ஸ்பேனர்கள் எல்லாம் ஒவ்வொன்றாக மேசையின் ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்ந்திருந்தன. நான் அதைப் பார்த்தும் பார்க்காத மடையன். அவள் ஏன் அந்த டிரம்முக்காக உயிரை விடுகிறாள் என்பதும் எனக்கு அப்போது விளங்கவில்லை.

நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த அதே காலையில், முழங்கால் பெரியவர் போன் பண்ணியிருக்கிறார். "உன் டிரம் கிடைத்துவிட்டது, ஆனால் இன்னொருவரும் கேட்கிறார். இடதா, வலதா? பத்து நிமிஷத்தில் சொல்." அக்கா எங்களுக்குப் போன் அடித்தாள். ஆஸ்பத்திரியில் போனை அணைக்கச் சொல்லி எழுதிப்போட்டிருந்தது, அணைத்திருந்தோம். லேத்துக்காரருக்கு அடித்தாள். லேத் ஓடும்போது அவருக்கு இடி இடித்தாலும் கேட்காது. விரிந்த டிரம்மைப் பார்க்கலாம் என்றால் அதை அத்தான் பரண்மேல் எங்கேயோ போட்டிருந்தார். பெட்டி பெட்டியாக அடுக்குகிறவளுக்குத் தெரியாமல் ஒளித்து வைப்பதற்கு அந்தப் பரண் ஒன்றுதான் அவருக்கு இடம். அக்கா என் நோட்டைத் திறந்தாள். படித்தாள். பத்து நிமிஷத்துக்குள் பதில் சொன்னாள்.

நாங்கள் திரும்பியபோது வாசலிலேயே நின்றிருந்தாள். "கெடச்சிருச்சுங்க!" அத்தான் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் நேரே பார்க்கிறதெல்லாம் எத்தனை முக்கியம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கப்பலில் ஒன்பது வாரம். மரப்பெட்டியை அத்தானே நெம்பித் திறந்தார். டிரம்மைத் தூக்கி மடியில் வைத்து, ஐந்து போல்ட்டில் ஒன்றின் மேல் சாதாரண நட்டு ஒன்றை வைத்துத் திருகினார். அது சுலபமாக ஏறியது. ஏறக்கூடாத பக்கம் ஏறியது. மறுபடி எடுத்துத் திருகினார். மூன்றாம் தடவை திருகவில்லை.

"இது உன் பக்கத்துது" என்றார் அக்காவிடம். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

"நோட்டுல அப்படித்தான இருந்துச்சு" என்று அக்கா போய் எடுத்துவந்தாள். விரலை வைத்துக் காட்டினாள். முன் பிரேக் டிரம், விரிசல், அ.ப.

நான் எட்டிப் பார்த்தேன். என் முத்து முத்தான கையெழுத்து. முதல் பக்கத்தில் அத்தான் பக்கம், அக்கா பக்கம் என்று முழுசாக எழுதியிருக்கிறேன். இரண்டாம் பக்கத்தில் கை வலித்திருக்கிறது, அ.ப. என்று சுருக்கிவிட்டேன். அத்தானுக்கும் அ.ப., அக்காவுக்கும் அ.ப. எழுதும்போது வண்டி கண்முன்னால் கிடந்தது, எனக்குக் குழப்பமில்லை. இரண்டு பேருக்கும் முதலெழுத்து ஒன்று என்பது பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட என் புத்தியில் ஏறவில்லை.

"அது அத்தான் பக்கம்க்கா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அக்கா என்னைப் பார்த்தாள். "என் தம்பி எழுதினது. அ-ன்னா அக்கான்னுதான்டா நினைச்சேன். உனக்கு முதல்ல நான்தான ஞாபகத்துக்கு வருவேன்னு."

அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை, உள்ளபடி சொன்னாள். என் ஜென்மத்தில் அப்படி அடி வாங்கியதில்லை. அடுத்த டிரம் கிடைத்தே விட்டாலும் வந்து சேர இன்னும் ஒன்பது வாரம். டாக்டரம்மா சொன்ன நாளுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. பழைய டிரம்மின் எதிர்மரை போல்ட்டுகளைப் பிடுங்கி இதில் அடிக்கலாமா என்றால், ஐந்தில் இரண்டை நான்தானே ஒடித்துவைத்திருக்கிறேன். போகிற இடமெல்லாம் என் கைவண்ணம்.

டிரம் என்னவோ அந்தப் பக்கமும் பொருந்தும். உட்காரும், உருளும், பிரேக் பிடிக்கும். மரை மட்டும்தான் மாறி இருக்கும். நட்டை நன்றாக இறுக்கினால் ஒன்றும் ஆகாது என்று லேத்துக்காரரும் சொன்னார், நானும் சொன்னேன். அத்தான் அசையவில்லை. "அந்தப் பக்கத்துக்கு அந்த மரைதான். தப்புன்னு தெரிஞ்சு மாட்டிட்டு, அதுல அவளை உக்கார வெக்கச் சொல்றியா?" என்றார். இரண்டு நாள் அந்த வண்டிப் பக்கமே போகவில்லை. வேறொரு வண்டியின் கார்புரேட்டரைப் பிரித்தார், மாட்டினார், மறுபடி பிரித்தார்.

மூன்றாம் நாள் காலை அக்கா தேநீரைக் கொண்டுபோய் அவர் எதிரே வைத்தாள். நான் பக்கத்தில் சீட்டுக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு எல்லாம் தெரியும்ங்க" என்றாள். "ஆஸ்பத்திரிக்குப் போனது, மூணு மாசம் சொன்னது, எல்லாம். இவன் மூஞ்சியைப் பாத்தாலே தெரியாதா? துவைக்கப் போட்ட சட்டையில ஆஸ்பத்திரிச் சீட்டு வேற."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் நூலைப் பார்த்தேன்.

"மரை மாறினா கழண்டுடும்னு தானே பயப்படறீங்க? இருபத்தெட்டு வருஷமா நீங்க இப்படித் திருப்பினா நான் அப்படித்தான் திரும்பறேன். கழண்டா போயிட்டேன்?"

அத்தானுக்குத் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறார் என்று நினைத்தேன். சிரித்தார்தான், ஆனால் சட்டைக்கையால் கண்ணையும் துடைத்தார். அக்கா டம்ளரை அவர் கைக்குள் வைத்து விரல்களை மூடினாள். "ஆறிடப்போவுது, குடிங்க" என்றாள்.

மத்தியானத்துக்குள் டிரம் ஏறிவிட்டது. நட்டு ஒவ்வொன்றையும் அத்தான் இறுக்கினார், சுற்றி வந்தார், மறுபடி இறுக்கினார். பிரேக்கைப் பட்டறை முற்றத்திலேயே நாற்பது தடவை சோதித்தார். இனிமேல் யாராவது அந்தச் சக்கரத்தைக் கழற்றினால் என்னைப்போல் போல்ட்டை ஒடிக்காமல் இருக்க, டிரம்மின் உள்பக்கம் வெள்ளைப் பெயின்டில், "சாதாரண மரை. தெரிந்தேதான் போட்டது" என்று எழுதச் சொன்னார். சுருக்காமல் எழுதினேன்.

வாரநாளில், காலை பத்து மணிக்கு, ரோடு காலியாக இருக்கும் நேரமாகப் பார்த்துக் கிளம்பினோம். அக்கா நல்லதாக உடுத்திக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் போகிறவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கால் எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு தடவை நகர்த்தினாள். பின்சீட்டில் நான். என்ஜின் சத்தமே கேட்கவில்லை, ஒரு முனகல், அவ்வளவுதான். பெட்ரோல் பங்கில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். ஒருவன் கையாட்டினான். அக்கா யாருக்கோ ஆட்டுகிறான் என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். "உனக்குத்தான்க்கா" என்றேன். வெட்கப்பட்டுக்கொண்டு அரைக் கையாக ஆட்டினாள். அத்தான் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பொத்தான் கடையிலிருந்து அப்போதுதான் ஓடிவந்தவர் மாதிரி இருந்தார்.

ஆறு கிலோமீட்டர் அப்படிப் போனோம். பாலம் தூரத்தில் தெரிய ஆரம்பித்தது. அவர் பக்கத்துச் சந்திலிருந்து, முட்டை அட்டைகளை அடுக்கிக் கட்டிய ஒரு சைக்கிள் ரோட்டுக்கு வந்தது. நான் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. அக்கா கத்தவில்லை, அவள் கை மட்டும் தானாக முன்பலகையில் போய் அழுந்தியது. அத்தான் அந்தக் கையைப் பார்த்துத்தான் பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது. சைக்கிள்காரர் எதுவும் அறியாமல், வண்டியின் மூக்கை ரசித்துப் பார்த்துக்கொண்டே கடந்து போனார். ஒரு முட்டைகூட உடையவில்லை.

அத்தான் வண்டியை மெதுவாக ஓரம் கட்டினார். சாவியைத் திருப்பினார். இரண்டு கையும் ஸ்டீரிங்மேல் இருந்தன.

"அவ்வளவுதான்ம்மா" என்றார்.

பிறகு பாலம்வரை போனோம். அக்கா சீட்டிலேயே நகர்ந்து ஸ்டீரிங்குக்கு வந்தாள். பாகம் ஏற்றி இறக்குகிற எங்கள் வேனை இருபது வருஷமாக ஓட்டுகிறவள், அவளுக்கு என்ன வந்தது. கூட்டிப்போகிறேன் என்றவரை அவள் கூட்டிப்போனாள், அதையும் சொல்லிச் சொல்லி அவரைக் கிண்டல் பண்ணினாள். அதெல்லாம் பிற்பாடு. நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் இருந்த பத்து நிமிஷத்தை.

"நீ ஓட்டறியா?" என்று அத்தான் கேட்டார்.

"பாலம் எங்கயும் போயிடாது. கொஞ்ச நேரம் இப்படியே உக்காந்திருப்போம்" என்றாள் அக்கா. கைப்பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். சீட்டின் நடுவுக்கு நகர்ந்து வந்தாள். நான் அந்தச் சீட்டை இரண்டு பேருக்கும் நடுவில் தடுப்பில்லாமல் ஒரே நீளமாகத்தான் தைத்திருந்தேன்.

அத்தான் கண்ணாடிக்கு நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் பக்கம் என்ன இருக்கு?" என்றார்.

அக்கா அவர் தோளைத் தாண்டி எட்டிப் பார்த்தாள். "ஒரு நீல கேட் போட்ட வீடுங்க. மாடியில ஒரு பொண்ணு தலையைத் துவட்டிட்டு இருக்கு. நம்ம வண்டியத்தான் பாக்குது."

"அப்புறம்?"

"கீழ ஒரு பூனை. படிக்கட்டுல மூணாவது படி. அதுக்கு வண்டியப் பத்திக் கவலையில்ல. பக்கத்துல ஒரு சின்ன மரம், வேலி போட்டு வளக்கறாங்க. வேலி கோணலாயிருக்கு, உங்களைக் கூப்பிட்டாத்தான் நிமிரும்."

அத்தான் சிரித்தார். "அப்புறம்?"

கழுத்தைக் கொஞ்சம் திருப்பியிருந்தால் அவருக்கே எல்லாம் தெரிந்திருக்கும். அவர் திருப்பவில்லை. அக்காவும் திரும்பிப் பாருங்கள் என்று சொல்லவில்லை. நீல கேட்டின் துருவிலிருந்து ஆரம்பித்து, அவர் பக்கம் இருந்த ஒவ்வொன்றையும் நிதானமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.